நாற்பத்தேழரைப் பாகை

ஷாஹிரா டீச்சரின் சுட்டுவிரல் என் நோட்டுப் புத்தகத்தின் ஏழாவது வரியில் வந்து நின்றது. நகத்தில் பாதி வளர்ந்து மேலேறிய மருதாணி. ஜன்னலுக்குக் கீழே, பினாங்கின் குயின் ஸ்திரீட்டில், ஒரு துணிக்கடைக்காரர் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். ‘ஹலோ, ஹலோ’ என்பதைத் தாண்டி அவர் போகவே இல்லை.

“அக்கா, இந்த நாப்பத்தேழரை எங்கேருந்து வந்துச்சு?”

“கோணத்துலேருந்துதான் டீச்சர்.”

“எந்தக் கோணம்?”

“படத்துல இருக்கே, அது. மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் நாப்பத்தேழரை.”

கேள்வி இதுதான். இரண்டு பக்கங்கள் சமமான ஒரு முக்கோணம். அதன் அடிக்கோட்டை வலப்புறம் நீட்டியிருந்தார்கள். நீட்டிய கோட்டுக்கும் முக்கோணத்தின் பக்கத்துக்கும் இடையே 116 பாகை என்று அச்சிட்டிருந்தது. உச்சியில் உள்ள கோணம் எவ்வளவு?

டீச்சர் பென்சிலை எடுத்தார். நூற்று எண்பதில் நூற்றுப் பதினாறு போனால் அறுபத்து நான்கு. பக்கங்கள் சமம் என்பதால் எதிர்மூலையும் அறுபத்து நான்கு. மீதி ஐம்பத்திரண்டு. இதற்கு அவருக்கு எட்டு விநாடி ஆனது. நான் கோணமானியோடு அரை மணி நேரம் செலவழித்திருந்தேன்.

“அப்போ அச்சடிச்சவங்க தப்பு பண்ணிட்டாங்க,” என்றேன். “நாலரை பாகை வித்தியாசம். இது சின்ன வித்தியாசம் இல்ல டீச்சர்.”

அவர் அப்போதுதான் படத்தின் ஓரத்தில் நான் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைக் கவனித்தார். ‘ஏற்க இயலாது.’ கீழே என் கையொப்பச் சுருக்கம், தேதி.

“அக்கா, புத்தகத்தையே ரிஜெக்ட் பண்ணிட்டீங்களா?”

“புத்தகத்தை இல்ல. இந்தப் படத்தை மட்டும்.”

அவர் பக்கங்களைப் புரட்டினார். அந்த அத்தியாயத்தில் பதினான்கு படங்கள். அவற்றில் ஒன்பதை நான் நிராகரித்திருந்தேன். டீச்சர் சிரித்து முடிக்க நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அவருக்கு இருபத்தாறு. தேர்வுக்கு இன்னும் பதினோரு சனிக்கிழமைகள் இருந்தன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

முந்தைய அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வருபவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனை செய்பவள் நான். அரிசி மணியைவிடச் சின்னப் பொருள்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து அளந்து, எழுதி, கையொப்பம் இடுவது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதுதான்.

அந்த ஆண்டு புது இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்குக் கண் உண்டு. எங்கள் கண்கள் தேவையில்லை. எங்கள் வரிசையில் இருந்தவர்களை இரண்டாகப் பிரிக்கப்போவதாகச் சொன்னார்கள். சூப்பர்வைசர் தேவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“அக்கா, எஸ்.பி.எம். கணக்குல பாஸ் இருந்தா கேலிப்ரேஷன் ரூமுக்கு உங்க பேர் அனுப்பிடுவேன். இல்லைன்னா பேக்கிங்தான் லா.”

“இருபத்திரண்டு வருச சர்வீஸ், தம்பி.”

“தெரியும்க்கா. ஆனா அதுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லையே.”

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வுதான் எஸ்.பி.எம். நான் அதில் கணக்கில் தோற்றவள். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தேன். அந்தச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அலமாரியின் அடித்தட்டில், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்திருந்தேன்.

பேக்கிங் ஒரு மோசமான வேலை அல்ல. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கேலிப்ரேஷன் அறையைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும்.

அது அளவுக்கருவிகளை அளக்கும் அறை. நாங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவியும் ஆண்டுக்கொரு முறை அங்கே போய், தான் சொல்வது உண்மைதானா என்று நிரூபித்துவிட்டு வரும். கண்ணாடிச் சுவர். வெளியே மழையோ வெயிலோ, உள்ளே எப்போதும் இருபது பாகை வெப்பம். வெல்வெட் பெட்டியில் எஃகுக் கட்டைகள் படுத்திருக்கும். இரண்டு கட்டைகளை முகத்தோடு முகம் வைத்து மெல்லத் திருகினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். அத்தனை வழவழப்பு.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போகும் வழியில் நான் அங்கே நிற்பேன். உள்ளே வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் கட்டைகளைத் திருகிக்கொண்டிருப்பார். சத்தம் எதுவும் வெளியே வராது. மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல் இருக்கும். உண்மையில் எந்தப் பக்கம் மீன் என்பது எனக்குச் சில நாள்களில் குழம்பிப்போகும்.

ஏழு செவ்வகங்கள்

ஷாஹிரா டீச்சர் ஒரு மசாலைக் கடையின் மாடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். இரண்டிலிருந்து மூன்று வரை எனக்கு. கீழே வறுக்கும் சீரகமும் சோம்பும் படியேறி வரும். இன்றைக்கும் எங்கேயாவது சோம்பு வாசனை வந்தால், அடைப்புக்குறியை உடைக்கும்போது உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும் என்று மனம் தானாகச் சொல்லும்.

முதல் வார வீட்டுப்பாடம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு செவ்வகத்தின் நீளம் அதன் அகலத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் அதிகம். சுற்றளவு முப்பத்தெட்டு. அகலம் என்ன?

நான் செவ்வகம் வரைந்தேன். அகலம் ஒன்று, நீளம் ஆறு. சுற்றளவு பதினான்கு, போதவில்லை. அடுத்தது அகலம் இரண்டு. அடுத்தது மூன்று. ஏழாவது செவ்வகத்தில் முப்பத்தெட்டு வந்தது. அகலம் ஏழு. ஏழு செவ்வகங்களையும் அடிக்கோல் வைத்து வரைந்து, வரிசை எண் போட்டு, வெட்டி, ஒட்டிக்கொண்டுபோனேன்.

“விடை சரி,” என்றார் டீச்சர். “ஆனா மார்க் கிடைக்காது.”

“ஏன்?”

“இது கணக்கு இல்லக்கா. தேடுதல் வேட்டை. அகலம் ஏழா இருக்கப்போயி நீங்க தப்பிச்சீங்க. எழுநூறா இருந்தா?”

“நிறைய பேப்பர் வாங்கியிருப்பேன்.”

“கடவுளே.” அவர் என் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். “இங்க பாருங்க. அகலம் தெரியாதுல்ல? அதுக்கு எக்ஸ்னு பேர் வைங்க. பேர் வச்சிட்டு, தெரிஞ்ச ஆள் மாதிரியே நடத்துங்க. கூட்டுங்க, பெருக்குங்க. கடைசியில அதுவே வாயைத் திறந்து சொல்லும்.”

எனக்கு ஒப்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்றே ஒன்றுதான்: அளக்காததை எழுதுவது. சோம்பேறி ஒருவர் பொருளைத் தொடாமலே பதிவேட்டை நிரப்பிவிட்டார் என்று தெரிந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கேயோ, கையில் இல்லாத ஒன்றை முதல் வரியிலேயே எழுதச் சொல்கிறார்கள். பேனா நகர மறுத்தது.

இன்னொரு பழக்கமும் இடைஞ்சல் செய்தது. எங்கள் தொழிற்சாலைக்குள் அழிப்பானுக்கு அனுமதி இல்லை. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையொப்பம் இட்டு, தேதி போட வேண்டும். தப்பும் பதிவில் இருக்க வேண்டும் என்பது விதி. இயற்கணிதத்தையும் நான் அப்படியே செய்தேன். ஒரு சமன்பாட்டில் ஆறு இடங்களில் தவறினால் ஆறு கையொப்பங்கள்.

“உங்க நோட்டைப் பார்த்தா எனக்கு வக்கீல் ஆபீஸ் ஞாபகம் வருது,” என்றார் டீச்சர்.

என் கணவர் லாரி ஓட்டுகிறார். ஈப்போ எவ்வளவு தூரம் என்று கேட்டால் ‘ரெண்டு டீ தூரம்’ என்பார். அவர் ஏழு செவ்வகங்களையும் விரித்து வைத்துப் பார்த்தார்.

“அழகா இருக்கு மல்லி. ஃப்ரேம் போட்டு மாட்டிரலாமா?”

ஒரு வாசகத்தை நான் படித்த விதம்

நாற்பத்தேழரைப் பாகை நாளுக்கு வருகிறேன். சிரித்து முடித்தபின் டீச்சர் முக்கோணத்தின் கீழே ஒரு பொடி வரியைக் காட்டினார். மலாயிலும் ஆங்கிலத்திலும் அதையே இரண்டு முறை அச்சிட்டிருந்தது. ‘படம் அளவுத்திட்டப்படி வரையப்படவில்லை.’

“இதைப் படிச்சீங்களாக்கா?”

“படிச்சேன்.”

“அப்புறமும் அளந்தீங்களா?”

“அதனாலதான் மூணு தடவை அளந்தேன்.”

அந்த வரியை நான் ஒரு மன்னிப்பாகவே படித்திருந்தேன். ‘படம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று யாரோ பணிவாகச் சொல்வதைப்போல. பொறுத்துக்கொண்டு, கூடுதல் கவனத்தோடு அளப்பதுதான் முறை என்று நினைத்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை இப்போது. “அக்கா, அது மன்னிப்பு இல்ல. எச்சரிக்கை. இதைக் கண்ணால நம்பாதேன்னு சொல்லுது. எழுதியிருக்கிறதை மட்டும் நம்பு. ரெண்டு பக்கம் சமம்னு எழுதியிருந்தா சமம். படத்துல ஒண்ணு நீட்டமா இருந்தாலும் சமம்தான்.”

அன்று திரும்பும் ஃபெரியில் எனக்கு ஐந்தாம் படிவத் தேர்வு மண்டபம் ஞாபகம் வந்தது. மரமேசை. மேசையில் யாரோ கத்தியால் கீறிய ஒரு பூ. மேலே சுழன்ற விசிறிக்குத் தாளைப் பறக்கவிடாமல் இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு, வலது கையில் கோணமானியோடு ஒவ்வொரு படமாக அளந்துகொண்டிருக்கும் பதினேழு வயதுப் பெண். அவள் எவ்வளவு சுத்தமாக அளந்தாள் என்பது எனக்குத் தெரியும். அரைப் பாகையைக்கூட விட்டிருக்கமாட்டாள்.

முப்பது ஆண்டுகளாக எனக்குக் கணக்கு மூளை இல்லை என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். அன்று கடல் நடுவே அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, ‘கீழே வை அதை’ என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

துல்லியத்துக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். தோற்றதற்கு அது மட்டுமே காரணம் அல்ல. அவளுக்கு இயற்கணிதமும் வரவில்லை.

பதினைந்து நிமிடத் தண்ணீர்

வீடு கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில். வகுப்புக்குப் பாலம் வழியாகவும் போகலாம். நான் ஃபெரியில்தான் போனேன். பட்டர்வொர்த்தில் ஏறினால் டவுனில் இறங்கப் பதினைந்து நிமிடம். ஒரு கணக்குக்குச் சரியான அளவு. என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், செய்த கணக்கின் எண் மூன்றும் இருக்கின்றன. தேதிகளும் இருக்கின்றன, வாசகருக்கு அவற்றால் பயனில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆறாவதோ ஏழாவதோ சனிக்கிழமை. ஆறாவதுதான், பார்த்துவிட்டேன். மழை பெய்து ஓய்ந்த மதியம். தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மோட்டார்சைக்கிளோடு ஏறியவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தூங்கினார்கள். இயந்திரத்தின் அதிர்வு இருக்கை வழியாக என் பென்சிலுக்கு வந்து, நான் இழுத்த கோட்டில் மெல்லிய அலை எழுந்தது.

அடிக்கோலைப் பையிலேயே விட்டுவிட்டேன். வெறும் கையால் ஒரு முக்கோணம் போட்டேன். கோணலாக வந்தது. இரண்டு பக்கங்கள் சமம் என்று குறி போட்டேன். சமமாக இல்லை. சமம் என்று வைத்துக்கொண்டேன்.

தலையை நிமிர்த்தினால் பினாங்கு மலை, மேகத்தில் பாதி மறைந்து, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்ற அருகில் நின்றது. தூரத்துப் பாலம் நூலில் தொங்குவதுபோல் இருந்தது. பக்கத்தில் போன சரக்குக் கப்பல் மலையைவிடப் பெரியதாகத் தெரிந்தது. இதுவும் அளவுத்திட்டப்படி வரையப்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் அளக்கத் தோன்றவில்லை. கப்பல் நகர்ந்தது. மலை நகரவில்லை. நாங்கள் எல்லாரும் எங்கோ போய்க்கொண்டிருந்தோம்.

எக்ஸ் என்று எழுதினேன். பக்கத்தில் இன்னொரு எக்ஸ். மேலே நாற்பது. அது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே அதை இரண்டால் பெருக்கினேன், நாற்பதைக் கூட்டினேன், நூற்று எண்பதுக்குச் சமம் என்றேன். சட்டவிரோதமாக எதையோ செய்வதைப்போல் இருந்தது. அப்புறம் அது வாயைத் திறந்தது. எழுபது.

படத்தில் அது அறுபதுபோல் இருந்தது. நான் எழுபது என்று எழுதிக் கையொப்பம் இட்டேன். ஃபெரி கரை சேர்ந்தது.

எழுபதா, நூற்றுப் பத்தா

தேர்வு ஒரு பள்ளி மண்டபத்தில். முதல் தாள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. கடைசிக்குச் சற்று முன்னால் இந்தப் படம் வந்தது.

இரண்டு இணைகோடுகள். அவற்றுக்கு நடுவே, இரண்டு பக்கங்கள் சமமான முக்கோணம். மேல்கோட்டுக்கும் முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கும் இடையே 35 பாகை. முக்கோணத்தின் உச்சி எவ்வளவு? விடைகள்: 70, 80, 110, 145.

இணைகோடு என்பதால் அந்த முப்பத்தைந்து கீழ்மூலைக்கும் வரும். பக்கங்கள் சமம் என்பதால் அடுத்த மூலையும் முப்பத்தைந்து. இரண்டும் சேர்ந்து எழுபது. மீதி நூற்றுப் பத்து.

ஆனால் படத்தில் உச்சி கூர்மையாக இருந்தது, கூடாரத்தின் முனைபோல. என் கண் எழுபது என்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் சம்பளம் வாங்கிய கண். விடைகளிலும் எழுபது முதலாவதாக உட்கார்ந்திருந்தது. எழுபது கணக்கின் நடுவிலும் வந்ததே, ஒருவேளை நான்தான் ஒரு படி அதிகமாகப் போய்விட்டேனோ?

கோணமானி என் பென்சில் பெட்டிக்குள் இருந்தது. இரண்டாம் தாளுக்கு வேண்டும் என்று கொண்டுவந்தது. என் கை பெட்டியைத் திறந்துவிட்டது. வைத்துப் பார்க்க மூன்று விநாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக் கையுறைகள் ஒரு கணம் தெரிந்தன.

கோணமானியை எடுத்து நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். அருகே வந்து மலாயில், எழுந்திருங்கள் என்றார். எழுந்தேன். அவர் கோணமானியை எடுத்து இருபுறமும் திருப்பி, விடை எதுவும் எழுதியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“ஏன் இதுமேல உட்கார்ந்தீங்க?”

“இல்லைன்னா அளந்துடுவேன்.”

அவர் கோணமானியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “இந்தத் தாள் முடிஞ்சதும் தர்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூற்றுப் பத்தைக் கறுப்பாக்கினேன். கூர்மையான அந்தக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டே.

தேறியதும், தேறிய பிறகும்

முடிவு வந்த நாள் நான் உருப்பெருக்கியின் முன்னால் இருந்தேன். தேவன் தன் கைப்பேசியில் என் தேர்வு எண்ணைப் போட்டுப் பார்த்தார். என் கைப்பேசி லாக்கரில் இருந்தது.

“அக்கா! சி! பாஸ் மட்டும் இல்ல, சி! எப்படிக்கா?”

“அளக்காம,” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளக்க நேரமில்லை. கையில் பாதி அளந்த பொருள் இருந்தது. அதை முடித்து, எழுதி, கையொப்பம் இட்டேன்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் கண்ணாடிக்கு உட்புறம் போனேன். இருபது பாகை என்பது நான் நினைத்ததைவிடக் குளிர். ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன்.

இதோடு அத்தியாயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரச் சனிக்கிழமை மதியம் நான் பட்டர்வொர்த்துக்குப் போனேன். வகுப்பு இல்லை. என் இரண்டு மணி வகுப்பை டீச்சர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். டவுனில் எனக்கு வாங்க வேண்டியதும் எதுவும் இல்லை. பையில் பயிற்சிப் புத்தகம் மட்டும்.

அதில் நாங்கள் தொடாத அத்தியாயம் ஒன்று இருந்தது. கோளத்தின்மேல் வரையும் கோடுகள். தேர்ச்சிக்கு அது தேவைப்படாது என்று விட்டிருந்தோம். முதல் கணக்கைப் பிரித்தேன். வளைந்த கோடுகள், தெரியாத ஒரு கோணம். தொழிற்சாலை கேட்காத கோணம், யாரும் மார்க் போடப்போகாத கோணம். ஃபெரி கிளம்பியது. வெயில் தண்ணீரின்மேல் சில்லுசில்லாகக் கிடந்தது.

கைப்பேசி அடித்தது. என் கணவர்.

“எங்க இருக்கே?”

“ஃபெரியில.”

“பாஸ்தான் ஆயிட்டியே மல்லி. இன்னும் என்னா?”

“சும்மாதான். ஒரு கணக்கு.”

“செரி, எத்தனை மணிக்கு வருவே? சோறு வைக்கவா?”

கணக்கைப் பார்த்தேன். முதல் வரியில் எக்ஸ் என்று எழுதியிருந்தேன், அதற்குமேல் போகவில்லை. கரை நெருங்கிக்கொண்டிருந்தது. இறங்கலாம், இறங்கி அடுத்த ஃபெரியில் ஏறலாம், அதில் முடியாவிட்டால் அதற்கடுத்தது.

“தெரியலைங்க,” என்றேன்.

இருபத்தாறு ஆண்டுத் திருமணத்தில் அவர் நேரம் கேட்டு நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

“உடம்பு எல்லாம் நல்லாதானே இருக்கு?” என்றார்.